ஒரே தண்ணீரில் அலசிய துணி

சிவகாசிப் பக்கத்துக் கதை என்றால் எங்கேயாவது ஒரு பட்டாசுக் குடோன் வெடித்தாக வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இதில் ஓர் ஓலைவெடிகூட வெடிக்காது. அடி விழும். அதுவும் அருணாதேவியின் அடி.

எம். புதுப்பட்டியில் அவளிடம் அடி வாங்கியவர்களை வரிசையாக நிறுத்தினால் பஸ் ஸ்டாப்பிலிருந்து ரேஷன் கடைவரை வரும். ஏழாம் வகுப்பில் அவள் ஜடையைப் பெஞ்சில் கட்டிவைத்த பையனுக்கு ஜாமெண்ட்ரி பாக்ஸால் நெற்றியில் ஒன்று, மூன்று தையல். பாலிடெக்னிக்கில் லேத் பழகும்போது உரசி உரசி நின்ற சீனியருக்கு, கையில் இருந்த சக்கு சாவியால் முழங்காலில் ஒன்று. அவன் பரீட்சைக்கு நொண்டிக்கொண்டே வந்தான். அவள் அம்மா கருப்பம்மாள் போகிற பட்டாசுக் கம்பெனி வேனில் பொம்பளைகள் ஏறும்போது கை கொடுக்கிற சாக்கில் கண்ட இடத்தில் தொட்ட டிரைவருக்குச் செருப்படி. கடைசியாக, கட்டின புருஷன். கல்யாணமான நாற்பதாம் நாள், குழம்பில் உப்பில்லை என்று அவன் ஓர் அறை விட்டான். இவள் இட்லிக் கொப்பரை மூடியை எடுத்து மூன்று விட்டாள். மறுநாள் காலையில் பெட்டியோடு அம்மா வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான் அவள் குடித்தனம்.

இத்தனைக்கும் ஊரில் யாரும் அவளை ரவுடி என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. விசாரிக்காமல் கை நீட்ட மாட்டாள். "நான் தப்பான ஆள அடிச்சதே இல்ல" என்று அவள் சொல்லும்போது, அடி வாங்கினவன்கூட மறுத்துப் பேசியதில்லை. வேறு எதைப் பற்றியும் பெருமை பேசாத பொம்பளை, இதை மட்டும் வாய் நிறையச் சொல்லிக்கொள்வாள். நகை இல்லை, புருஷன் இல்லை, சொந்த வீடு இல்லை. இந்த ஒரு வார்த்தைதான் அவள் சொத்து.

2008 சித்திரைக்குப் பிறகு அவள் யாரையும் அடித்ததாகத் தகவல் இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

திருத்தங்கல் ரோட்டில் பாலகுரு என்பவர் ஒரு கோட்டிங் பட்டறை வைத்திருந்தார். அவர் அப்பா காலண்டர் அச்சடித்தவர். மகனுக்குக் காலண்டரும் டைரியும் அலுத்துப்போய், கோயமுத்தூரில் யாரோ கைகழுவிய பழைய மெஷின் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரும்பைத் துளைக்கிற ட்ரில், மரை போடுகிற டேப், வெட்டுகிற கட்டர் எல்லாவற்றின் மேலும் பொன் நிறத்தில் ஒரு தோல் போர்த்தித் தருகிற மெஷின். அந்தத் தோலின் கனம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் அரத்தால் தேய்த்தாலும் கீறல் விழாது. நாற்பது துளை போட்டு மழுங்கிப்போகிற ட்ரில், அந்தத் தோலோடு இருநூறு துளை போடும்.

மெஷின் வேலை செய்கிற விதத்தை அருணாதேவி புதிதாக வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விளக்குவாள். அண்டா மாதிரி ஒரு சேம்பர். அதற்குள் இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்ச வேண்டும். பிறகு துளியூண்டு ஆர்கான் வாயு விட்டுக் கரண்டைக் கொடுத்தால், அது வெறி பிடித்துப் போய்ச் சுவரில் மாட்டியிருக்கிற டைட்டானியத் தகட்டை அடிக்கும். அடிக்கிற அடியில் டைட்டானியம் அணு அணுவாகப் பெயர்ந்து பறக்கும். பறக்கிறது நைட்ரஜனோடு சேர்ந்து ட்ரில் மேல் போய் உட்காரும். "அடிச்சு அடிச்சுத்தான் தங்கம் வருது" என்று சொல்லிச் சிரிப்பாள். டிப்ளமோ முடித்து எத்தனையோ பட்டறையைப் பார்த்தவள், இந்த மெஷினிடம்தான் மனசு ஒட்டி ஆறு வருஷமாக இருந்தாள். பொருத்தம் பார்த்துத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று பாலகுரு கேலி செய்வார்.

அடிக்கிறதிலும் அளவு உண்டு. நைட்ரஜன் குறைந்தால் நிறம் வெளுத்துத் தோல் மெத்தென்று இருக்கும். கூடினால் பழுப்பேறும். ட்ரில்லுக்குக் கொடுக்கிற வோல்ட் குறைந்தால் பூச்சு பொருபொருவென்று உட்காரும். கூடினால் தனக்குள்ளேயே இறுகி, தானே வெடித்து உரியும். சூடு ஒரு கணக்கு, அழுத்தம் ஒரு கணக்கு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோணும். நாலு கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு லோடுக்கும் அவள் எழுதிவைப்பாள். இப்படி எழுதி எழுதி, போன ஐப்பசியில் ஒரு சரியான கணக்கைப் பிடித்திருந்தாள். மதுரையில் பம்ப் உதிரி செய்கிற ஒரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, மூன்று முறை தொடர்ந்து நன்றாக வந்தால் தன் ட்ரில் முழுவதையும் இங்கேயே கொடுப்பதாகச் சொல்லியிருந்தது.

தை பிறந்ததும் எல்லாம் கெட்டது.

சேம்பரைத் திறந்தால் பொன்னாகத்தான் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகக் குழி. கடினம் பார்க்கிற மெஷினில் வைத்து ஒரு குத்துக் குத்தினால், குழியைச் சுற்றிப் பூச்சு செதில் செதிலாக எழும்பும். ட்ரில்லை இரும்பில் இறக்கினால் ஐம்பதாவது துளையில் தோல் உரிந்து, முனை கருகும். ஐப்பசியில் தங்கமாக வந்த அதே கணக்கு, அதே மெஷின், அதே ட்ரில்.

அவள் விட்டுவைக்கவில்லை. நைட்ரஜனைக் குறைத்தாள், கூட்டினாள். வோல்ட்டை ஐம்பதிலிருந்து நூற்றைம்பதுவரை படிப்படியாக ஏற்றினாள். சூட்டைக் கூட்டி, குறைத்து, டைட்டானியத் தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டி, பம்ப்பின் ஆயிலை மாற்றி, ரப்பர் வளையத்தை மாற்றி. முப்பது லோடு. அதில் பாதியில் கரண்ட் போய்ப் பாழானது ஆறு. மதுரைக் கம்பெனிக்கு அனுப்பிய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. அடுத்து அனுப்புகிறதுதான் கடைசி, அதுவும் உரிந்து திரும்பினால் பட்டறையைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் காலண்டர் அடிக்கப் போகிறேன் என்று பாலகுரு சொல்லிவிட்டார்.

மெஷினில் தப்பில்லை என்றால் மனுஷனிடம்தான் தப்பு. தையில் புதிதாக வந்தது எது என்று யோசித்தாள். முனியசாமி வந்திருந்தான்.

முனியசாமி அச்சங்குளத்துக்காரன், அவளைவிடப் பத்து வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவன். ஒரு சட்டத்தில் ஆயிரக்கணக்கான குச்சியை ஒன்றோடொன்று முட்டாமல் குத்திவைத்த விரல்கள் அவை. ட்ரில்லைத் துடைத்து, வெட்டுகிற முனையில் விரல் படாமல் ஜிக் என்கிற தாங்கியில் மாட்டுகிற வேலைக்கு அவனைப் போல ஆள் கிடைக்காது என்று முதல் நாளே அவளே சொன்னாள். "முனியசாமி அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள், வாங்க போங்க என்றுதான் பேசுவாள். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாத்தூர் வழியாக வருகிறவன், தினமும் காராச்சேவு பொட்டலம் ஒன்று மடியில் கட்டிக்கொண்டு வருவான். சேவு என்றால் எண்ணெய். எண்ணெய் பட்ட இரும்பில் தோல் ஒட்டாது. அதற்காக இரண்டு தடவை அவனைக் கண்டித்திருந்தாள்.

பங்குனிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, முப்பத்தோராவது லோடைத் திறந்தாள். புள்ளி. குத்திப் பார்த்தாள். செதில். துடைக்கிற அறைக்கு வந்தாள். மேஜையில் ட்ரில் தட்டுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த சேவுப் பொட்டலக் காகிதம் எண்ணெய்க் கறையோடு கிடந்தது.

"சேவு தின்னியா?"

அந்த 'தின்னியா'விலேயே மரியாதை கழன்றுவிட்டது. முனியசாமி நிமிர்ந்து பார்த்தான்.

"தின்னேன் தங்கச்சி. வெளிய வச்சுத்தான் தின்னேன்."

"கை கழுவுனியா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தானே உள்ள வந்தேன். எப்பவும் அப்படித்தான்."

இரண்டே கேள்வி. இதைத்தான் அவள் விசாரணை என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் நின்று நிதானித்து நியாயம் பார்த்தவளுக்கு அன்றைக்கு முப்பத்தொரு லோடும் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது போய், யாரையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் கோபம்தான் வருகிறது, பரிதாபம் வரவில்லை.

"ஏலே, பொய் சொல்லாத. உன் கைதான்லே எல்லாத்தையும் கெடுக்குது."

ஜிக்கில் சொருகுகிற இரும்புக் கம்பி ஒன்று மேஜையில் கிடந்தது, பெருவிரல் கனம். எடுத்தாள். முனியசாமியின் வலது கை மேஜைமேல் விரித்தபடி இருந்தது. அவன் அதை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. ஒரு பொம்பளைப் பிள்ளை, தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, நிஜமாகவே அடிக்கும் என்று அவன் நினைக்கவில்லை. முதல் அடியிலேயே எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவதற்குக் கை ஓங்கும்போது பாலகுரு ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். தட்டில் இருந்த ட்ரில்கள் தரையில் சிதறின. முனியசாமி மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கோணிப்போய், அவற்றின் இடத்தில் இல்லை. ரத்தம் முழங்கையில் வழிந்து லுங்கியில் சொட்டியது.

"கழுவிட்டுத்தான் தொட்டேன் தாயி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில், கைமேல் ட்ரில் தட்டு விழுந்துவிட்டதாகச் சொன்னார் பாலகுரு. முனியசாமியும் தலையாட்டினான். வேலை போய்விடக்கூடாதே என்று ஆட்டினான். கட்டுப் போட்ட டாக்டர், எலும்பு கூடும், ஆனால் விரல் பழையபடி மடங்காது என்றார்.

அருணாதேவிக்கு அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தப்பான ஆளை அடிக்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வாசலுக்கு வந்தாள். கருப்பம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ட்ரில் துடைக்கிற துணியை அவள்தான் வாராவாரம் துவைத்துக் கொடுப்பாள். கடையில் விற்கிற நூல் உதிராத துணி கட்டுப்படியாகாது என்று பாலகுரு முனகியபோது, "எங்கம்மா துவைச்சா பால் மாதிரி இருக்கும் அண்ணாச்சி, பளைய வேட்டியக் கிளிச்சுக் குடுங்க போதும்" என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் பெருமையாக வாங்கிவந்த வேலை அது.

அலுமினிய வட்டையில் தண்ணீர். தண்ணீருக்குள் அம்மாவின் கம்பெனிச் சேலையும் மேல்சட்டையும். அதோடு வெள்ளை வேட்டித் துண்டுகள். வெயில் சாய்வாக விழுந்ததில், தண்ணீரின் மேல் வெள்ளி நிறத்தில் ஓர் ஏடு மிதந்தது. கருப்பம்மாள் துணியை அமுக்க அமுக்க அந்த ஏடு கிழிந்து மறுபடி கூடியது.

"இது என்னம்மா மேல மிதக்குது?"

"என்னத்தச் சொல்ல, எல்லாம் அலுமினியப் பவுடருதான். நகக்கண்ணுல பாரு, எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது."

"நீ பேப்பர் குழாய்தான சுத்துவ?"

"தை பொறந்ததுமே என்னையப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூமுக்கு மாத்திட்டாகன்னு சொன்னேன்ல. நீ எங்க காதுல வாங்குன, அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அளுவுற."

"என் துணிய ஏன் இதுல போட்ட? எப்பவும் தனியாத்தான அலசுவ."

"தண்ணி லாரி வந்து எட்டு நாளாச்சு. ஒரு கொடத்துக்கு அங்கன எம்புட்டு நேரம் நிக்கேன் தெரியுமா. மூணு மாசமா ஒரே தண்ணியிலதான் ரெண்டையும் அலசுதேன். ஏன், வெள்ளையாத்தான இருக்கு?"

வெள்ளையாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடி ஒவ்வொரு துண்டின் நூலுக்குள்ளும் ஏறி, ஒவ்வொரு ட்ரில்லுக்கும் போய், பூச்சுக்கு அடியில் உட்கார்ந்து, குழி குழியாகத் தெறித்து வெளியே வந்திருக்கிறது. முப்பத்தொரு லோடும்.

அருணாதேவி வட்டையைக் காலால் ஓர் உதை விட்டாள். தண்ணீர் தெருவரை ஓடியது. எட்டு நாள் தண்ணீர். கருப்பம்மாள் பதறிப்போய் எழுந்தாள்.

"என்னடி, நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?"

"இல்லம்மா" என்றாள் மகள். "தெரியாமச் செஞ்சதுதான."

திங்கட்கிழமை போகிற வழியில் புது வேட்டி ஒன்று வாங்கினாள். பட்டறையில் அதைக் கிழித்து, சுத்தத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காயப்போட்டாள். சேம்பரில் மேல் வரிசை ட்ரில்லைப் புதுத் துணியால் துடைத்து மாட்டினாள். கீழ் வரிசையை அம்மாவின் துணியால் துடைத்தாள். ஐப்பசிக் கணக்கில் ஓட்டினாள். ஒரே சேம்பர், ஒரே நேரம், துணி மட்டும் வேறு. சாயங்காலம் திறந்து குத்திப் பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு புள்ளி இல்லை. கீழ் வரிசை உரிந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் ஆள் மாற்றி ஆள் விசாரித்த மாதிரி, இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த விசாரணையை நாலு நாள் முன்னால் செய்திருக்கலாம்.

கீழ் வரிசையைக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள் என்று அவளைக் கேட்டால் அப்போது பதில் சொல்லியிருக்க மாட்டாள். பாலகுரு மேல் வரிசையைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"பாத்தியா, முனியசாமி போனான், பீடை போச்சு. சேவு தின்ன கையால தொட்டுத் தொட்டே என்னையக் கவுக்கப் பாத்திருக்கான்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை இன்னொரு லோடு, முழுக்கப் புதுத் துணி. பொன்னாக வந்தது. புதன்கிழமையும் வந்தது. ஒவ்வொரு லோடும் நன்றாக வர வர முனியசாமியின் குற்றம் ஊர்ஜிதமாகிக்கொண்டே போனது. ரோட்டில் இருக்கிற லேத் பட்டறைக்கெல்லாம் சேதி பரவிவிட்டது. அந்தாளை வேலைக்கு எடுத்துராதீக, கை சுத்தமில்லாதவன், வேண்டுமென்றே கெடுக்கிறவன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, நோட்டில் 'துணி' என்று ஒரு பத்தி போட்டு அதை நிரப்பாமல் விட்டாள். அவளுக்கு அம்மாவைப் பற்றிப் பயம், வேலையைப் பற்றிப் பயம். எல்லாவற்றையும்விட அந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பயம். இனிமேல் அதைச் சொல்ல முடியாதே.

வெள்ளிக்கிழமை மதுரைக் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். சுந்தரபாண்டி என்று பெயர், அதிகம் பேசாத மனுஷர். மூன்று லோடையும் குத்திக் குத்திப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"முன்னாடி ஏன் உரிஞ்சது?" என்று கேட்டார்.

பாலகுரு வாயெடுப்பதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. முனியசாமியின் பெண்சாதி சோலையம்மாள் வந்து நின்றாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்தவள்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு எங்கயும் வேலை தர மாட்டேங்காக. கெடுத்தவன்னு சொல்லுதாக. அவுக கெடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். கை போனாப் போகுது."

"கெடுத்தவனக் கெடுத்தவன்னுதான் சொல்லுவாக. போ அங்கிட்டு" என்றார் பாலகுரு. அவள் படியில் ஏறினாள். அவர் காவல்காரனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். காவல்காரன் தோளைப் பிடித்துத் தள்ளினான். சோலையம்மாள் படியில் உருண்டு, கேட்டின் இரும்பில் நெற்றி மோதி விழுந்தாள். எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ரத்தம். முந்தானையால் அழுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை வையாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

"அவ புருஷன்தான் சார் உரிஞ்சதுக்குக் காரணம்" என்று பாலகுரு திரும்பி, சிரித்துக்கொண்டே சொன்னார். "நிப்பாட்டிட்டோம், சரியாப் போச்சு."

அருணாதேவி கைப்பையைத் திறந்து, கீழ் வரிசை ட்ரில்களை மேஜையில் கொட்டினாள். கண்ணாடி போட்ட மேஜை. ஒரு மூலை உடைந்தது.

"அவரு காரணமில்ல சார். எங்கம்மா துவைச்ச துணி. பட்டாசுப் பவுடர் ஒட்டுன துணி. நாந்தான் குடுத்தேன், நாந்தான் பாக்கல. அவரு கைய உடைச்சதும் நாந்தான்."

சுந்தரபாண்டி ஒரு ட்ரில்லை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பாலகுரு அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வாய மூடு. நல்லா வந்துக்கிட்டு இருக்குல்ல, அப்புறம் எதுக்குப் பளச எடுக்குற?" அவள் அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். நாற்காலியோடு போய்ச் சுவரில் மோதினார். அவள் கடைசியாக ஒருத்தரிடம் கை பலத்தைக் காட்டியது அதுதான். பிறகு வரிசைக்கு ஒன்றாக இரண்டு ட்ரில்லையும் அம்மா துவைத்த ஒரு துண்டுத் துணியையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ஆர்டர் என்ன ஆனது, வேலை என்ன ஆனது என்றெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சங்குளத்தில் முனியசாமி வீட்டைக் கேட்டதும், எதிர்ப்பட்டவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரென்று தெரிந்திருந்தது. பின்னாலேயே நாலைந்து பேர் வந்தார்கள். முனியசாமி வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. சோலையம்மாள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். நெற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

அருணாதேவி நின்றபடியே சொன்னாள். தண்ணீர் லாரி, வட்டை, பவுடர், மேல் வரிசை, கீழ் வரிசை. ஒன்றையும் குறைக்கவில்லை. திங்கட்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னாள். ட்ரில் இரண்டையும் துணியையும் கட்டிலில் வைத்தாள்.

சோலையம்மாள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. அருணாதேவியின் வலது கை, யாரையும் கேட்காமல், தானாக எழுந்து சோலையம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது. இருபது வருஷப் பழக்கம். சுற்றி நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், அந்த எலும்பும் போய்விடும். அவள் தன் கையையே பார்த்தாள். பார்த்துவிட்டு விரலை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"அடிங்க மதினி" என்றாள்.

சோலையம்மாள் அடித்தாள். முதுகில், இடுப்பில், கையை வைத்து மறைக்காத முகத்தில். அருணாதேவி இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். கோத்த விரல்கள் ஒன்றை ஒன்று நெரித்து வெளுத்துப்போயின. எத்தனை அடி என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் விறகு கை நழுவி விழ, சோலையம்மாள் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அடி வாங்கினவள் அழவில்லை. அவளுக்கு மனசுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள்.

முனியசாமி இதையெல்லாம் பார்க்கவே இல்லை. இடது கையால் ட்ரில்லை எடுத்து, வெயிலுக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ் வரிசை ட்ரில்லின் உரிந்த இடத்தை நகத்தால் நெருடினான். வலது கை விரலாக இருந்தால் அந்தச் செதிலை உடையாமல் எடுத்திருப்பான். இடது கைக்கு வரவில்லை, நொறுங்கி விழுந்தது. ட்ரில்லைக் கட்டிலில் வைத்தான்.

"துணியத் துவைச்சது உங்கம்மாதான?"

"ஆமாண்ணே."

"தெரிஞ்ச உடனே என்ன பண்ணுனீக? அவுகள அடிச்சீகளா?"

அருணாதேவி இல்லை என்று தலையாட்டினாள். உதட்டு ரத்தம் மண்ணில் சொட்டியது.

"ஏன்?"

"தெரியாமத்தானண்ணே செஞ்சாக."

முனியசாமி கட்டுப் போட்ட கையை மெதுவாகத் தூக்கி, மடியில் சரியாக வைத்துக்கொண்டான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

"நான் செய்யவே இல்லையே, தாயி."